சாபத்துக்கு வந்த ஆமென்

அன்பு மூத்த மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை, உன் சுகத்துக்குக் கர்த்தரிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். தம்பிக்குத் தாடையில் கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார்கள், குழாய் வைத்துப் பால் குடிக்கிறான், இந்த வீட்டில் இவன் வாய் ஓய்ந்தது இப்போதுதான் என்று அப்பா கேலி செய்ய, சிரிக்கவும் முடியாமல் அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வருகிறது. நீ டிக்கெட் போட்டுவிட்டாயாம், வந்து அந்தப் பஞ்சர் கடைக்காரனை வெட்டப் போகிறாயாம். நடந்ததை முழுசாகக் கேட்டுவிட்டு முடிவு செய்.

தன் கடை முன்னால் வண்டியை நிறுத்தினான் என்று அந்தக் கடைக்காரன் டயர் நெம்பும் கம்பியால் தம்பியை அடித்தானே, அந்த வாரம் நம் வீட்டு ஜெபக்கூட்டத்தில் நான் முழங்காலில் நின்று, கர்த்தாவே என் பிள்ளையை அடித்த கை உடைந்து போகட்டும், அது சோறு எடுத்து வாய்க்குப் போகக் கூடாது என்று கத்திவிட்டேன். நம் கூட்டத்தின் பழக்கம்தான் உனக்குத் தெரியுமே, ஜெபிக்கிறவர் மூச்சு வாங்கினால் போதும், என்ன சொன்னார் என்று யோசிக்காமல் ஆமென் போட்டுவிடுவார்கள். போட்டார்கள். அப்புறம்தான் உறைத்து ஒவ்வொருவராகக் கண்ணைத் திறந்தார்கள். அப்போது கதவோரத்திலிருந்து இன்னொரு ஆமென் தனியாகச் சத்தமாக வந்தது. திரும்பினால் அந்தக் கடைக்காரன் பெண்டாட்டி, எப்போதாவது வந்து உட்கார்ந்து போகிறவள். கையைத் தூக்கியிருந்தாள், முழங்கைக்கு மேலே அதே கம்பியின் அகலத்தில் கறுத்த தடங்கள்.

அவளை யாரும் திருப்பி அனுப்பவில்லை, உன் அறையில் படுக்க வைத்தோம். மறுநாள் சாயங்காலம் அவன் வந்தான். உதைத்த உதையில் தாழ்ப்பாள் பிய்ந்து வந்தது, குறுக்கே போன அப்பாவுக்கு மண்டையில் அடி, மூக்குக்கண்ணாடியெல்லாம் ரத்தம். நான் தையல் மிஷின் மேலிருந்த பெரிய கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு பாய்ந்தேன், பயமுறுத்த இல்லை ராசா, குத்தத்தான் பாய்ந்தேன். அவள் பின்னாலிருந்து என் மணிக்கட்டைப் பிடித்துத் தொங்கினாள், அக்கா நான் சொன்ன ஆமெனை வாபஸ் வாங்கிக்கிறேன், விட்டுடுங்கக்கா என்று. அதற்குள் கூட்டத்துக்காரர்கள் ஓடிவந்து அவனைக் கவிழ்த்தார்கள், நம் பேக்கரிக்காரர் அவன் முதுகில் உட்கார்ந்துவிட்டார், அவர் உடம்புதான் உனக்குத் தெரியுமே, போலீஸ் வரும் வரை அசையாமல் உட்கார்ந்து உரக்க ஜெபித்தார், கீழே கிடந்தவனுக்குக் கெட்ட வார்த்தை பேசக்கூட மூச்சில்லை. இப்போது உள்ளே இருக்கிறான். அவள் இனி அவனிடம் போவதாக இல்லை.

போதகர் அவனுக்காக ஜெபியுங்கள் என்கிறார். சொல்வது சுலபம், அவர் மண்டையா உடைந்தது. தினமும் எல்லோரும் என்னோடு முழங்கால் போடுகிறார்கள், நான் அவன் பெயரைச் சொல்கிறேன், அதற்கு மேல் தொண்டையைத் தாண்டி எதுவும் வரவில்லை, மீதியை அவள்தான் சொல்லி முடிக்கிறாள். இத்தனை வருஷம் பைபிள் படித்து நான் வளர்ந்தது அவ்வளவுதான். நீ அங்கே எந்தச் சபைக்கும் போவதில்லை என்று தெரியும். தேடிப் போ, நாலு பேரோடு உட்கார், பாட்டு பிடிக்காவிட்டாலும் உட்கார். என் கையைப் பிடிக்க ஒருத்தி இருந்தாள். உனக்கு அங்கே யார் இருக்கிறார்கள்?

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு. டிக்கெட்டை இன்றைக்கே ரத்து செய்துவிட்டு அப்பாவிடம் பேசு, தலைக்கட்டோடு போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

உன் மணிக்கட்டைப் பிடிக்க எட்டாத தூரத்தில் இருக்கும்
அம்மா