நீ தொடச்ச வண்டிப்பாதை

களமருதூர்
ஞாயித்துக்கெழம

அன்பு மவன் சுபாஷுக்கு அம்மா எழுதறது. நானும் அப்பாவும் கை கால் சொகமா இருக்கோம், மஸ்கட்டுல வெயிலு ஜாஸ்தின்றாங்க, நீ வேளைக்குச் சாப்புட்டுகினு நல்லா இருக்கணும்னு தெனமும் சாமிய வேண்டிக்கறேன். வாட்ஸாப்பு இருக்கறப்போ எதுக்கு லெட்டருன்னு நெனைப்ப. வாட்ஸாப்பு இருக்கறது உங்கப்பா போன்ல, நான் உங்கிட்ட பேசினாலும் பக்கத்துலயே நின்னுகினு கேக்கறாரு. அதான் எதுத்தவூட்டு தீனதயாளன் செவ்வாக்கெழம ப்ளேன் ஏர்றான்னு தெரிஞ்சதும் அவங்கிட்ட குடுத்துவுடறேன். தனியா இருக்கறப்போ படி.

உன் சித்தப்பா சுப்புராயன் கழனிக்கு நம்ம நெலத்து வழியா போற வண்டிப்பாதைய உங்கப்பா கம்பி வேலி போட்டு அடைச்சிட்டாரு. பொங்கலப்போ மாடு மேஞ்ச தகராறுல சித்தப்பா நாலு பேரு எதுர்ல வா போன்னு பேசிட்டாராம், அந்த ஆத்திரம் இன்னும் இவருக்கு அடங்கல. அங்க அவங்க கரும்புக்கு ஆலையிலேர்ந்து வெட்டு உத்தரவு வந்துடுச்சி, ட்ராக்டர் உள்ள போவ வழியில்ல, கரும்பு நின்ன வாக்குல காயுது. பாப்பாத்தி சித்தி அழுதுகினே நம்ம வாசல்ல வந்து நின்னா, ஒரு சொம்பு தண்ணி குடுக்கக் கூட உங்கப்பா வுடல. வர்ற வெள்ளிக்கெழம தாலுக்கா ஆபீசுல விசாரணை. அதுக்குத்தான் தாத்தா காலத்துல பாகம் பிரிச்சப்போ வரைஞ்ச படத்த உங்கிட்ட கேட்டு வாங்கினாரு. காகிதம்தான் புயல் மழையில பொட்டியோட நனைஞ்சி கூழாப்பூடுச்சே, நீ தீவாளிக்கு வந்தப்போ போன்ல புடிச்சது ஒண்ணுதான் மிச்சம்.

நீ கம்ப்யூட்டர்ல சுத்தம் பண்ணி அனுப்பினத பிரிண்டு போட்டு எடுத்தாந்து காட்டினாரு. கறுப்பு வெள்ளையில பளிச்சுன்னு இருந்துச்சி, பூஞ்சப் புள்ளி, கரப்பான் எச்சம், மடிப்புக் கறை ஒண்ணும் இல்ல. எம்புள்ள கைவேலைன்னு எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சி. அப்புறம்தான்டா உத்துப் பாத்தேன். கெணத்துலேர்ந்து சித்தப்பா கழனி வரைக்கும் எறும்பு சாரி மாதிரி புள்ளி புள்ளியா போவுமே, அந்த வண்டிப்பாதையே இல்ல. நீ போட்டோ புடிக்கறப்போ டார்ச்சு புடிச்சிகினு நின்னவ நானு, என் கண்ணால பாத்தேன். உங்கப்பாவ கேட்டா, படத்துலயே பாதை இல்ல, நான் எதுக்கு வுடணும்ன்றாரு. அந்தப் பிரிண்டத்தான் மனுவோட குடுத்துகீறாரு. நான் வாயத் தொறந்தா, நீ யாரு வூட்டு சோத்த துன்றன்னு கத்தறாரு.

எனக்கு ரெண்டு நாளா ஒரு வாய் எறங்கல. கம்ப்யூட்டருக்கு பாதப்புள்ளி எது அழுக்குப்புள்ளி எதுன்னு இன்னா தெரியும், எல்லாத்தையும் சேத்து வழிச்சிப் போட்டிருக்கும்னு மனசத் தேத்திக்கறேன். ஆனா போன வருசம் தாத்தா போட்டோவ நீ சுத்தம் பண்ணப்போ மூஞ்சி பூரா இருந்த புள்ளிய எடுத்துட்டு கன்னத்து மச்சத்த மட்டும் அப்பிடியே வுட்டியே, அந்தக் கைக்கா இது தெரியாமப் போச்சு? உங்கப்பா ஏதாவது சொல்லிக் குடுத்தாரா? கேக்கறதுக்கே நாக்கு கூசுது, பெத்தவ நான் கேக்காம வேற யாரு கேப்பா.

எப்பிடி நடந்திருந்தாலும் தொடைக்காத படம் உன் போன்ல இருக்கும். இந்தக் காகிதத்துக்குப் பின்னாடி எழுதியிருக்கறது சித்தப்பா பொண்ணு தேவிப்ரியா நம்பரு. வியாழக்கெழமைக்குள்ள அதுக்கு அனுப்பிடு. அழுக்குன்னு நெனைக்கறதக் கூட தொடைக்காத. வெள்ளிக்கெழம நானும் அந்தப் பொண்ணோட ஆபீசுக்குப் போறேன், இதுதான் நெசமான படம், டார்ச்சு புடிச்சவ நான்தான்னு சொல்லப் போறேன். முப்பது வருசமா உங்கப்பாவுக்கு எதுர் பேச்சு பேசாதவ, மொதல் தடவையா பேசப் போறேன். அதுக்கப்புறம் வூட்ல இன்னா நடந்தாலும் நான் பாத்துக்கறேன், நீ பயந்துகினு நடுவுல எறங்காத.

உடம்பப் பாத்துக்க, வெறும் டீய குடிச்சிகினு வேலைக்கு ஓடாத. நீ கொற ஒண்ணும் இல்லாம நீண்ட ஆயுசோட இருக்கணும். வியாழக்கெழம சாயங்காலம் மறக்காம அப்பாவுக்கு போன் பண்ணு. தெரியாம செஞ்சிருந்தா, அம்மாகிட்ட குடுங்கன்னு கேளு. தெரிஞ்சி செஞ்சிருந்தா கேக்காத, அவருகிட்ட பேசிட்டு வெச்சிடு. நான் போன் பக்கத்துலயேதான் நின்னுகினு இருப்பேன்.

உன் அம்மா
வீ. ஜெயசுதா