அந்தப் பானெட்டைக் காற்று மூடவில்லை

போன வெள்ளிக்கிழமை ரேணிகுண்டா ரோட்டில் மெக்கானிக் என் பழைய வண்டியின் பானெட்டைத் தூக்கிவிட்டு இன்ஜின் பக்கம் குனிந்தார். தூக்கிய இடத்தில் நிற்க வேண்டிய பானெட் நிற்கவில்லை. அவசரமே இல்லாமல் இறங்கி வந்து அவர் முதுகில் உட்கார்ந்தது. அவர் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தார். இரண்டு பக்கத் தாங்கியிலும் உள்ளே அடைத்த கேஸ் போய்விட்டது, தாங்காது, மாற்றிவிடலாம் என்றார். நீ மாட்டின அந்த இரண்டு கறுப்புக் குழாய்களையும் கழற்றி என் கையில் கொடுத்தார். தண்டில் எண்ணெய் கசிந்து தூசி ஒட்டியிருந்தது. அவற்றைக் கையில் பிடித்தபடியே பக்கத்தில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன். சர்க்கரை குறைந்துவிட்டதோ என்று மெக்கானிக் டீ வாங்கி வந்தார்.

நீ செத்துப்போய் எட்டு மாதம் ஆகிறது. உனக்கு நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. குவைத்தில் நீ இருந்த அத்தனை வருஷத்திலும் ஒரு வரி எழுதியதில்லை. எழுத நமக்குள் என்ன இருந்தது?

அதற்கு முன்னால் எல்லாம் இருந்தது. புதுப்புது வண்டிகள் இறங்கிய வருஷங்கள் அவை. நான் வரதய்யபாளையத்திலிருந்தும் நீ வெதுருகுப்பத்திலிருந்தும் லைசென்ஸை மட்டும் நம்பித் திருப்பதிக்கு வந்தோம். திருச்சானூரில் ஒரே அறையில் படுத்தோம், ஒரே குண்டானில் பொங்கித் தின்றோம். இரண்டு பேரும் முதலாளி வண்டி ஓட்டினோம். பிறகு எனக்கு ஒரு வண்டி, உனக்கு ஒரு வண்டி என்று கடனில் வந்தது. அன்றிலிருந்துதான் நாம் எதிரெதிரே நிற்கத் தொடங்கினோம். ஸ்டாண்டில் பத்து வண்டி இருந்த இடத்தில் நாற்பது வண்டி நின்றது. பஸ்ஸிலிருந்து இறங்கும் ஒரு குடும்பத்தின் மேல் ஏழெட்டு டிரைவர்கள் விழுந்தோம்.

அந்தக் காலையில் சேலத்திலிருந்து வந்த குடும்பத்திடம் முதலில் பேசியது நீதான். நீ வண்டியைத் திருப்பி எடுத்து வருவதற்குள் பைகளை என் டிக்கியில் வைத்துவிட்டேன். தப்பு என்னுடையது. நீ வந்து பைகளை இழுத்துத் தரையில் போட்டாய். அந்தப் பொம்பளைகள் முன்னால் சொன்னாய்:

"மாடு மேச்சவன் கையில ஸ்டேரிங் குடுத்தா இப்படித்தான் திருடித் துன்னுவான்."

மாடு மேய்த்தது நிஜம். உன்னைப் பெற்ற நைனாவும் அடுத்தவன் கரும்புத் தோட்டத்தில்தான் கூலிக்கு நின்றார். அதைத் தெரிந்த நீ அப்படிச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. வீல் ஸ்பானரை எடுத்து உன் வாயில் அடித்தேன். முன்பல் இரண்டு உடைந்தது. அந்தக் குடும்பத்துக் குழந்தை கத்தியது இன்னும் கேட்கிறது. நீ கத்தவில்லை. துண்டை வாயில் அமுக்கிக்கொண்டு குழாய்ப் பக்கம் போனாய். முடிந்தது என்று நினைத்தேன்.

அரை மணி நேரம் கழித்து நான் பானெட்டைத் திறந்து, கம்பியை முட்டுக் கொடுத்து, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். இடது கை முன்பக்க விளிம்பில் இருந்தது. நீ வந்ததை நான் பார்க்கவில்லை. கம்பி தெறித்த சத்தம்தான் கேட்டது. பானெட் விழுந்தது. விழுந்ததோடு விடவில்லை நீ. இரண்டு கையையும் ஊன்றி, உடம்பு முழுவதையும் அதன் மேல் போட்டு அழுத்தினாய். உன் வாயிலிருந்து ரத்தம் பானெட்டின் மேல் சொட்டியது. என் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் உன் முகம். நான் உன் பெயரைச் சொல்லிக் கெஞ்சினேன். மூன்று பேர் சேர்ந்து உன்னைப் பிய்த்து எடுத்தார்கள்.

இரண்டு விரல் போயிற்று. போலீஸ் கேஸ் வேண்டாம், "மீரு மீரு சூஸ்கோண்டி", உங்களுக்குள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஸ்டாண்டுப் பெரியவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். நாமே பார்த்துக்கொண்டோம். ஆஸ்பத்திரிக்கு என் சித்தப்பா மகன்கள் இரண்டு பேர் வந்தார்கள். படுக்கையில் இருந்தபடியே அவர்களிடம் நான் சொன்னது எனக்கு அட்சரம் மாறாமல் ஞாபகம் இருக்கிறது.

"அவன் இல்லன்னா இன்னா, ஊட்ல யார் இருந்தாலும் வுடாதீங்க."

வீட்டில் உன் நைனா இருந்தார். வாசலில் நின்று, மகன் இல்லை, உட்காருங்கள் என்று சொன்னாராம். இரும்புக் குழாயால் முழங்காலில் அடித்தார்கள். விழுந்த பிறகும் அடித்தார்கள். திரும்பி வந்து என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அதைச் சொன்னபோது நான் அவர்களுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுக்கச் சொன்னேன். பாவம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

நீ வண்டியை விற்று ஏஜெண்டைப் பிடித்துக் குவைத்துக்குப் போய்விட்டாய். உன் நைனா கோல் ஊன்றி நடந்து, ஐந்தாம் வருஷம் இறந்து போனார். உனக்கு லீவு கிடைக்கவில்லை, நீ வரவில்லை என்று கேள்விப்பட்டேன். உள்ளுக்குள் ஒரு ஓரத்தில் திருப்தியாக இருந்தது.

ஒன்பது வருஷம் கழித்து, ஒரு மத்தியானம், திருச்சானூரில் லாட்ஜுக்குப் பின்னால் நான் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது நீ வந்து நின்றாய். உடம்பு பெருத்து, தலை நரைத்து, முன்பல் கட்டியிருந்தாய். கையில் துண்டில் சுற்றிய ஏதோ ஒன்று. கத்தி என்றுதான் நினைத்தேன். என் கை தானாக டிக்கிப் பக்கம் போனது. நீ துண்டைப் பிரித்தாய். இரண்டு கறுப்புக் குழாய், இரண்டு பிராக்கெட், நான்கு போல்ட்.

"அங்க எல்லா வண்டிக்கும் இதுதான். கம்பி வோணாம், தானா நிக்கும். கை மேல வுழாது" என்றாய்.

கை மேல் விழாது. ஒன்பது வருஷம் கழித்து என்னிடம் நீ பேசிய முதல் பேச்சு அது. மன்னிப்பு கேட்கிறாய் என்று எனக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் ரத்தம் கொதித்தது. இரண்டு விரலுக்கு இரண்டு குழாயா? போடா என்று சொல்லியிருக்கலாம். நான் பானெட்டைத் திறந்துவிட்டேன்.

நீ நிதானமாக வேலை பார்த்தாய். தண்டு கீழே, குழாய் மேலே இருக்க வேண்டும், மாற்றி மாட்டினால் சீக்கிரம் கசிந்துவிடும் என்று எனக்கு விளக்கினாய். அந்த வண்டியில் முட்டுக்கம்பி மாட்டியிருந்த போல்ட்டிலேயே வலதுபக்க பிராக்கெட்டை உட்கார வைக்க வேண்டியிருந்தது. கம்பியை எடுத்தால்தான் முடியும்.

"கம்பிய எட்துடறேன். நீ புடிச்சிக்க" என்றாய்.

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாய். ஒரு நொடிதான். பிறகு கம்பியைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, தலையையும் தோளையும் உள்ளே விட்டுக் குனிந்தாய். நான் இரண்டு கையாலும் பானெட்டைப் பிடித்திருந்தேன். இடது கையில் மூன்று விரல். உன் பிடரி தெரிந்தது. வியர்வை ஓடியது. ஸ்பானர் திருகும் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. கோபம்கூட அந்த நேரத்தில் அடங்கிவிட்டிருந்தது. என் மனசு ரொம்பத் தெளிவாக இருந்தது.

கை நழுவவில்லை. விட்டேன். விட்டதோடு நிற்காமல் ஒரு தள்ளும் தள்ளினேன்.

எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. நீ கீழே சரியவில்லை. முதுகால் பானெட்டை நெம்பித் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாய். உச்சியிலிருந்து ரத்தம் காது வழியாக இறங்கிச் சட்டைக் காலரை நனைத்தது. இடது தோள் தொங்கியது. நான் அடியை எதிர்பார்த்துப் பின்னால் நகர்ந்தேன். அடி வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நீ துண்டை எடுத்துத் தலையில் கட்டினாய். ஒரு கையால் முடிச்சு விழவில்லை, பல்லால் இழுத்துக் கட்டினாய்.

"ஆச்சா?" என்று கேட்டாய். "சரி, இப்போ ஒழுங்கா புடி. பாதியில நிக்குது வேலை."

பிடித்தேன். நீ மறுபடியும் அதே மாதிரி தலையை உள்ளே விட்டாய். ஒரு கையாலேயே இரண்டு பக்கமும் மாட்டி முடித்தாய். குழாய் முனை குமிழில் 'டக்' என்று உட்கார்ந்ததும் என்னை விடச் சொன்னாய். என்னால் விட முடியவில்லை. கை அப்படியே இறுகிப்போயிருந்தது. நீதான் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாய். பானெட் அசையாமல் நின்றது.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் ஓட்டிப் போனேன். எப்படி ஆனது என்று நர்ஸம்மா கேட்டதற்கு, "காத்து அடிச்சி மூடிக்கிச்சும்மா" என்றாய். தலையில் ஒன்பது தையல், தோள்பட்டை எலும்பு முறிவு. அதற்கப்புறம் திருப்பதியில் வண்டிச் சாமான் கடை போட்டாய், பதினாறு வருஷம் நடத்தினாய். வாரத்துக்கு ஒரு தடவை அங்கே உட்கார்ந்து டீ குடித்தேன். வண்டி பற்றிப் பேசினோம், பிள்ளைகள் படிப்பு பற்றிப் பேசினோம். அன்றைக்கு நடந்ததையோ, உன் நைனாவையோ நாம் எடுக்கவே இல்லை. குளிரில் உன் இடது கை மேலே தூக்க வராது. அலமாரியின் மேல்தட்டில் இருந்து எதையும் எடுக்கும்போது வலது கையைத்தான் நீட்டுவாய். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி டீயைக் குடிப்பேன்.

நாம் இரண்டு பேர் செய்ததும் ஒன்றுக்கொன்று சரியாகிவிட்டது என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சரியாகவில்லை. நீ செய்தது வாயில் ரத்தம் ஒழுகுகிற வெறியில். நான் செய்தது நல்ல புத்தியோடு, என்னை நம்பிக் குனிந்தவன் மேல். உன் நைனாவுக்குச் செய்தது எந்தக் கணக்கிலும் சேராது.

மார்வலி வந்து நீ போனபோது காரியத்துக்கு வந்தேன். தலைத் தழும்பைப் பற்றி உன் பெண்சாதி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. காற்றில் பானெட் மூடிக்கொண்டது, நான்தான் தூக்கிப்போய்க் காப்பாற்றினேன் என்று. அதுவே எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தது. வாங்கிக் குடித்தேன்.

வெள்ளிக்கிழமை மெக்கானிக் கடையிலிருந்து வந்த பிறகு அந்த மோரின் நினைப்புதான் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை வெதுருகுப்பம் போனேன். உன் பெண்சாதி வாசலில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். உன் சவாரியைத் திருடினதிலிருந்து, நைனாவுக்கு ஆள் அனுப்பினது வரை, தள்ளினது வரை. ஏசும் என்று நினைத்தேன். முறத்தை எடுத்து அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அது உரிப்பதை நிறுத்திவிட்டு மடியில் கிடந்த தோலை முறத்தில் தட்டியது. பிறகு தலையைத் தூக்காமலே கேட்டது:

"அன்னிக்கு அவருக்கு ரொம்ப வலிச்சிதாண்ணா?"

பதினாறு வருஷம் வாரா வாரம் உன் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். உன்னிடம் அதைக் கேட்டதே இல்லை.