நாற்பத்தேழில் முடியும் எண்

ஒரூரோ, பொலிவியா,
குளிர்காற்று இறங்கும் ஒரு சனிக்கிழமை.

என் தங்கை பெனிதாவின் ஒரே மகளும், இந்த ஊர் எக்காளங்களுக்கெல்லாம் எஜமானியுமான லிஸ்பெத்துக்கு, உன் தாய்மாமன் ஃபிதென்சியோ குறைவில்லாத சுகத்தோடு எழுதுவது.

திருவிழா ஒத்திகை தொடங்கிவிட்டது. போன ஞாயிறு நான் பெரிய மேளத்தை ஓங்கி அடித்ததில் கோயில் மணி தானாக ஒருமுறை அடித்தது. அதெல்லாம் இல்லை என்கிறார் பாதிரியார். பொறாமை.

விஷயத்துக்கு வருகிறேன். நீ ஸ்பெயினுக்கு, வலென்சியா போவதற்கு முன் கம்ப்யூட்டரில் எழுதி வைத்தாயே, திருவிழா மொரெனாதா ஆட்டத்துக்கு ஒரு மெட்டு, இந்த வருஷம் ஆட்டக்காரர்கள் அத்தனை பேரும் அதற்குத்தான் ஆடப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் வாக்குக் கொடுத்துவிட்டேன். திறந்தால் திறக்கவில்லை. இசை எழுதும் மென்பொருள் பழசாகிவிட்டதாம், கம்பெனியின் சொந்தக் கடையில் போய்ப் புதுசு வாங்கு என்கிறது. அந்தக் கடையும் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.

கடை என்றால் ஒரு கடைக்காரி இருப்பாள். விலையைக் கேட்டுக் கோபித்துக்கொண்டு இரண்டடி நடந்தால் பின்னாலிருந்து கூப்பிடுவாள். நானும் கோபித்துக்கொண்டு வாசல்வரை போய் நின்று பார்த்தேன். யாரும் கூப்பிடவில்லை. திரும்பி வந்து என் வங்கி அட்டையைக் கொடுத்தால், நீ ஸ்பெயினில் இருக்கிறாய், பொலிவிய அட்டை செல்லாது என்கிறது! ஜன்னலுக்கு வெளியே எங்கள் மலை நிற்கிறது, நான் ஸ்பெயினில் இருக்கிறேனாம். கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் வில்மேரைக் கூப்பிட்டேன். கணக்கு உன் பெயரில் இருக்கிறதாம், நீ அதை உன்னோடு ஸ்பெயினுக்குக் கொண்டுபோய்விட்டாயாம். கணக்கில் நாட்டை மாற்ற வேண்டுமானால் உன் கைப்பேசிக்கு ஒரு ரகசிய எண் வரும், அதை இங்கே அடிக்க வேண்டும்.

அப்போதுதான் திரையில் அது தெரிந்தது. நாற்பத்தேழில் முடியும் எண்ணுக்கு அனுப்பியிருக்கிறோம் என்று. முன்னால் உள்ளதெல்லாம் வெறும் புள்ளி.

உன் புது எண் எங்கள் யாரிடமும் இல்லை. பேருந்து நிலையத்தில் உன் அம்மா, "போறதுன்னா போ, ஆனா எனக்குப் போன் மட்டும் பண்ணாத" என்று கத்தினாளே, சின்ன வயதிலிருந்து அவள் சொன்ன ஒரு பேச்சையும் கேட்காதவள் அதை மட்டும் கேட்டுவிட்டாய். முழு எண்ணையும் தரச்சொல்லி அந்தக் கடைக்கு ஒரு கடிதம் எழுதினேன். கல் கரையும்படி எழுதினேன். பதில் உடனே வந்தது, உங்கள் திருப்தியே எங்கள் மகிழ்ச்சி என்று. எண் வரவில்லை.

வில்மேர் சிரித்தான். "மேளக்காரரே, இதுக்குப் போய் ஏன் மண்டைய ஒடச்சுக்கிறீங்க? அந்தப் பொண்ணு பேர எடுத்துட்டு உங்க பேரப் போட்டா ஒரு நிமிஷ வேலை. மென்பொருளும் வரும், பாட்டும் வரும்."

"பேர எடுத்தா அந்த நாற்பத்தேழு?" என்று உன் அம்மா கேட்டாள்.

"அதுவும் போயிடும்."

எழுந்தாள், சுவரிலிருந்து மின்கம்பியைப் பிடுங்கினாள். "பெட்டிக்கு ஒடம்பு சரியில்ல, நீ கெளம்பு தம்பி" என்றாள். அவன் தன் சாமான்களை அள்ளிப்போட்டுக்கொண்டு ஓடிய ஓட்டத்தில் குதிரைகூடத் தோற்றிருக்கும்.

அதன்பிறகு தினமும் சாயங்காலம் கம்ப்யூட்டரைத் துடைக்கிறேன் என்று வந்து உட்காருகிறாள். துடைக்க அதில் தூசி ஏது? "அண்ணே, இன்னொருவாட்டி அழுத்து" என்கிறாள். அழுத்துகிறேன். "போயிடுச்சா?" போய்விட்டது என்கிறேன். "இப்ப அவ கையில இருக்குமா?" இருக்கும் என்கிறேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துவிட்டு எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைக்கிறாள்.

வேறொருத்தியாக இருந்தால், கேட்காமலே தினமும் எண் வருகிறதே, எவனோ திருடன் என்று அந்தக் கணக்கை எப்போதோ மூடியிருப்பாள். நீ மூடவில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடமே என்னைக் கும்பிட்டு அனுப்பிவிட்டாலும், எனக்கு இவ்வளவு புரியும் மருமகளே.

ஒத்திகையில் எக்காளக்காரர்கள் மெட்டு எங்கே என்று கேட்கிறார்கள். சுருதி வெயிலில் காய்கிறது என்று சொல்லிச் சமாளிக்கிறேன். திருவிழா வரைக்கும் சொல்ல முடியாது. அதனால் சந்தையில் காய்ந்த உருளைக்கிழங்கு விற்கும் கசிமிரா தன் மகளைப் பார்க்க வலென்சியா வருகிறாள் என்று கேள்விப்பட்டு இந்தக் கடிதத்தை அவள் மூட்டையில் வைத்திருக்கிறேன். எப்படியும் உன்னைத் தேடிப் பிடித்துக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.

இந்தக் கடிதம் உன் கைக்கு என்று வந்தாலும் சரி, ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வந்ததும் பொத்தானை அழுத்துவோம். எண் வந்ததும் வீட்டுக்குக் கூப்பிடு. வீட்டுத் தொலைபேசி எண் பழையதுதான், மாற்ற அவள் விடவில்லை. நான் எடுக்கமாட்டேன், அந்த நேரம் எனக்கு முக்கியமான ஆட்கள் பலரைப் பார்க்க வேண்டியிருக்கும். உன் அம்மாதான் எடுப்பாள். அவள் கண்ணும் கையும் முன்போல வேகமில்லை, அதனால் ஒவ்வொரு இலக்கமாக நிதானமாகச் சொல். அந்த எண் கொஞ்ச நேரத்தில் செத்துவிடும் என்று வில்மேர் சொன்னான். சாகட்டும். மறுபடி அழுத்துவோம், மறுபடி வரும். நீ மறுபடி சொல்.

சுரங்கத்து மாதா உன் தொண்டையைக் குளிர் அண்டாமல் காப்பாளாக.

உன் வரவை எதிர்பார்க்காதவன்போல் இருக்கும்
தாய்மாமன் ஃபிதென்சியோ