டைரக்டர் என்று பெயர் வாங்கிய அப்பா

கேள்வி கேட்டே உங்களைக் குடைந்த மகளைக் கடைசிவரை பொறுத்துக்கொண்ட அப்பாவுக்கு,

நீங்கள் ஏழு நோட்டில் எழுதி வைத்துவிட்டுப் போன நாவல் இந்த வாரம் அச்சுக்குப் போகிறது. அடுத்த மாதம் பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் வெளியீடு. ஐம்பதுகளின் சிங்கப்பூர் ஸ்டூடியோ, பவுடர் பூசிய நட்சத்திரங்கள், பேர் வாங்குவதற்காகக் கூடப்பிறந்தவனையே கைவிடும் இயக்குநர் மார்க்கண்டன் என்று எல்லாம் அழகாக வந்திருக்கிறது. 'அந்த ஸ்டூடியோவில் உதவி இயக்குநராக இருந்தவர்' என்று பின்னட்டைக்கு நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

போன வாரம் பண்டமாரானிலிருந்து உங்கள் நண்பர் தேவராஜ் அங்கிள் வந்தார். கிள்ளான் தியேட்டரில் அந்தக் காலத்து ஆப்பரேட்டர், படம் ஓட்டியவர். அச்சுக்குப் போக வேண்டிய படியைப் படிக்கக் கொடுத்தேன். மார்க்கண்டன் கேமராவுக்குள் பார்க்கிறார், மேல்மூலையில் கரும்புள்ளி தெரிகிறது, உடனே "தயாரா இருங்க" என்கிறார் அல்லவா? அந்த இடத்தில் அங்கிள் சிரித்துவிட்டார்.

"கேமராவுல எங்கம்மா புள்ளி வரும்? ரீல் முடியப்போறப்ப திரையில வர்றது அது. அடுத்த மெஷினைப் போடுன்னு ஆப்பரேட்டருக்கு அடையாளம். உங்கப்பா பதினோரு வருஷம் என்கூட நின்னு அந்தப் புள்ளியப் பாத்தவருலா. சிங்கப்பூரா? ஜொகூர் எல்லையத் தாண்டினதில்ல அவரு."

நான் பிறக்கும் முன்பே நீங்கள் துறைமுக ஆபீசுக்கு மாறிவிட்டீர்களாம்.

முதலில் அங்கிளைத்தான் சந்தேகப்பட்டேன். மனிதருக்குப் பொறாமை என்று நினைத்தேன். அப்புறம் உங்கள் மேல் திரும்பியது. ஸ்டூடியோ போட்டோ ஒன்று காட்டுங்கள் என்றால் ஏன் பேச்சை மாற்றினீர்கள்? அலமாரியைக் குடைந்தேன். ஒரு போட்டோ இல்லை, ஒரு கடிதம் இல்லை. ஏழு நோட்டையும் வரி விடாமல் பார்த்தேன். 'நான் அங்கே வேலை செய்தேன்' என்று ஓரிடத்திலும் நீங்கள் எழுதவில்லை. அதுவும் தந்திரமாகவே பட்டது. கள்ளன் கையெழுத்துப் போட்டுவிட்டா போவான்? வெளியீட்டையே நிறுத்திவிடலாம் என்று போனை எடுத்துவிட்டேன்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அப்பா படம் ஓட்டினவர்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம? அந்தத் தியேட்டர்லதான அவரை மொதல்ல பாத்தேன்."

"அப்ப எதுக்கு என்கிட்ட பொய் சொன்னாரு?"

"அவரு எங்கடி சொன்னாரு? நீதான் சொன்ன. தியேட்டருக்குப் படம் கொண்டுவர்ற சிங்கப்பூர் ஸ்டூடியோ ஆளுங்க சொன்ன கதையெல்லாம் உனக்குச் சோறு ஊட்டுறப்ப சொல்லுவாரு. ரெண்டாம் வகுப்புல, பள்ளிக்கூட விழாவுல, எங்கப்பா சிங்கப்பூர்ல படம் எடுத்தவருன்னு மைக்ல சொல்லிட்ட. எல்லாரும் கைதட்டினாங்க. ஹெட்மாஸ்டர் எறங்கி வந்து அவருக்குக் கைகுடுத்தாரு. இல்லைன்னு சொன்னா புள்ள முகம் வாடிடுமேன்னு பேசாம இருந்துட்டாரு. அப்புறம் எப்படிலா சொல்றது?"

கீரையை அம்மா கழுவப் போய்விட்டார். ஐம்பது வருஷமாகக் கல்யாண வீட்டிலும் கோயிலிலும் "டைரக்டர் சார்" என்று கூப்பிட்டவர்கள் முன்னால் எப்படிக் கூசியிருப்பீர்கள், அப்பா? ஒரு நாளாவது என்னைக் கோபித்திருக்கலாமே.

பின்னட்டையில் 'கிள்ளானில் படம் ஓட்டியவர்' என்று மாற்றச் சொல்லிவிட்டேன். வெளியீட்டில் நான்தான் முதலில் பேசுவேன். பொய் சொன்னது அப்பா இல்லை, நான் என்று எல்லார் முன்னாலும் சொல்வேன். இந்த முறை ஒருவரும் கைதட்டாவிட்டால் பரவாயில்லை.

இத்தனை வருஷம் நீங்கள் காட்டிக்கொடுக்காத உங்கள் மகள்,
வாசுகி