லேயாவுக்கான சாட்சிக் கடிதங்கள்

2024 ஐப்பசி 6, ஞாயிறு

தேவாலயத்தில் பூசை முடிந்து மண்டபத்தில் தேநீர். வழமையில் வடை எண்ணெய் குடித்திருக்கிறதா இல்லையா என்பதுதான் பேச்சு. இன்று டெஸ்மன்ட் ஒரு கட்டுத் தாள்களோடு வந்திருந்தார். எங்கள் ஊர் ஊஸ்டரின் இளைஞர் குழுவொன்று கையெழுத்துச் சேர்க்கிறதாம். சுவிஸில் பிறக்கிற பிள்ளைக்கு, தாய் தகப்பனிடம் விசா இல்லாவிட்டாலும், பிறந்த அன்றே குடியுரிமை கொடுக்க வேண்டும் என்று. இங்கே பிறப்பதால் ஒன்றும் கிடைப்பதில்லை. பெற்றோரின் நிலை எதுவோ அதுதான் பிள்ளைக்கும்.

டெஸ்மன்ட் பஸ் ஓட்டுகிறவர். அவர் குரல் கடைசி ஆசனம் வரை கேட்கும். "பிள்ளை என்ன, விசா எடுத்துக்கொண்டோ பிறக்கிறது?" என்றார். சிலர் கை தட்டினார்கள். என் வீட்டுக்காரர் கிளமென்ற் கோப்பையை வைத்துவிட்டு, தான் கையெழுத்துப் போடப்போவதில்லை என்றார். அதன் பிறகு மண்டபம் இரண்டாகிவிட்டது. வடையை யாரும் கவனிக்கவில்லை.

நான் கவனித்தது கிறிஸ்ரினாவை. தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். டெஸ்மன்ட் வீட்டுப் பின்னறையில் மகள் லேயாவோடு இருக்கிறவள். அகதி விண்ணப்பம் மறுக்கப்பட்டு, புருஷனும் விட்டுப்போய், போகச் சொன்ன நாளில் போகாமல் நின்றுவிட்டவள். வீடுகள் துப்புரவாக்கிப் பிழைக்கிறாள். லேயா இந்த ஊர் ஆஸ்பத்திரியில்தான் பிறந்தாள். இது மண்டபத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரிந்த நாங்கள் அவள் கையால் தேநீரை வாங்கிக்கொண்டு, அவளைப்பற்றி அல்லாததுபோல் அவளைப்பற்றி வாதாடினோம்.

நான் கையெழுத்துப் போட்டேன். கிளமென்ற் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

ஐப்பசி 8, செவ்வாய்

சொல்லாமல் இருந்தது இன்று வந்தது. சாப்பாட்டு மேசையில்.

"இஞ்சரும், உமக்கு டினேஸை நினைவிருக்கோ?" என்றார்.

நினைவிருக்கிறது. இங்கே வந்த புதிதில் எங்களோடு அகதி முகாமில் ஒரே அறையில் இருந்தவன். அவனுக்கு மறுப்புக் கடிதம் வந்தது. பெட்டியைக் கட்டிக்கொண்டு சொன்ன நாளில் விமானம் ஏறினான். அவன் மனைவி அப்போது ஆறு மாதம்.

"அவன் சட்டத்துக்குக் கட்டுப்பட்டுப் போனான். அவன்ர பிள்ளை மன்னாரில பிறந்துது. போகாமல் ஒளிச்சு நிண்டவையின்ர பிள்ளைக்குப் பாஸ்போட் குடுத்தால், போனவனுக்கு நீர் என்ன சொல்லுவீர்?"

முப்பது வருடம் கணக்குப் படிப்பித்தவள் நான். விடை தெரியாத கேள்வி வந்தால் கரும்பலகையில் ஓர் உதாரணம் எழுதித் தப்பிப்பேன். இன்றும் ஒன்று சொன்னேன்: பஸ் பிந்தினால் பிள்ளையும் பிந்தித்தான் பள்ளிக்கு வரும், அதற்காகப் பிள்ளையை வெளியில் நிறுத்தலாமா?

"பஸ் பிந்தேல்லை. தாய் பஸ்ஸை விட்டு இறங்கேல்லை. அதுதான் பிரச்சினை," என்றார்.

அவர் கல்நெஞ்சர் இல்லை.

ஐப்பசி 19, சனி

தமிழ் வகுப்பு முடிந்து பிள்ளைகள் போன பின் கிறிஸ்ரினாவும் லேயாவும் நின்றார்கள். லேயாவை ஆறு வயதிலிருந்து எனக்குத் தெரியும். எழுத்து வளைவாய் அழகாக இருக்கும், வாய் அதற்கு மாறாய் நேர்.

இங்கே பத்தாம் வகுப்பு வயதில் பிள்ளைகள் லேர என்கிற தொழிற்பயிற்சிக்குப் போவார்கள். லேயா ஒரு முதியோர் இல்லத்தில் ஒரு வாரம் பழகப் போயிருந்தாள். அவர்களுக்குப் பிடித்துவிட்டது; வருகிற ஆவணியிலிருந்து எடுக்கத் தயார். ஒப்பந்தம் எழுத வதிவிட அனுமதி அட்டை வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் இதுவரை யாரும் அட்டை கேட்டதில்லை. பள்ளி எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்தது. முடிகிற இடத்தில்தான் மதில்.

விசா இல்லாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. நீண்ட காலம் இங்கே வேர்விட்டவர்கள் என்று காட்டி, இக்கட்டு நிலை என்று விண்ணப்பிக்கலாம். ஆனால் விண்ணப்பிப்பதென்றால் நாங்கள் இங்கேதான் இருக்கிறோம் என்று பெயர் சொல்லிக் கை உயர்த்துவது. மறுத்தால் இருவரையும் அனுப்புவார்கள்.

"நான் இப்பிடியே இருந்திட்டுப் போவன், ரீச்சர்," என்றாள் கிறிஸ்ரினா. "இவளை என்ன செய்யிறது? இவளும் என்னைப்போல பின்படியால ஏறிப்போய் வீடு துடைக்கிறதோ?"

லேயா யன்னலைப் பார்த்துக்கொண்டு, "அம்மா, நான் விண்ணப்பம் போடப்போறன். நீங்கள் வராட்டி நான் தனியப் போடுவன்," என்றாள்.

ஐப்பசி 24, வியாழன்

சூரிச் ஆலோசனை நிலையத்துக்குப் போனோம். புறூனர் என்ற அம்மா, என் வயது இருக்கும், நிதானமாகக் கேட்டார். பள்ளி அறிக்கைகள் நன்று, ஜேர்மன் மொழி நன்று என்றார். விலாசத்துக்கு நிலையத்தின் விலாசத்தையே கொடுக்கலாம். இன்னும் வேண்டியது, இவர்களை அறிந்த மனிதர்களின் சாட்சிக் கடிதங்கள். பத்துப் பன்னிரண்டு. சொந்தப் பெயரோடு.

வரும்போது கிறிஸ்ரினா ரயிலில் வாசலோரம்தான் நின்றாள். பயணச்சீட்டு கையில். பொலிஸ் ஏறினால் இறங்க வசதியென்று எப்போதும் அப்படித்தான் நிற்பாளாம்.

கார்த்திகை 2, சனி

நான் கேட்ட பன்னிரண்டு பேரும் வந்தார்கள்! நான் பயந்ததுபோல் இல்லை. டெஸ்மன்ட், பக்கத்துத் தெருப் பரமேஸ்வரி, பாடகர் குழுவில் பாதி. கடிதம் எப்படி எழுதுவது என்று தெரியாது என்றார்கள். வகுப்பறையில் இருத்தி, ஒரு மாதிரிக் கடிதம் ஜேர்மனில் பலகையில் எழுதிக் காட்டினேன். உதாரணமாக, லேயா ஒருநாள் என் கடைப் பைகளை மூன்றாம் மாடிவரை தூக்கி வந்ததை எழுதினேன். இப்படி ஏதும் எழுதுங்கள் என்றேன். எல்லோரும் தலை குனிந்து எழுதினார்கள். ஒரு சத்தமில்லை. எவ்வளவு நல்ல வகுப்பு!

கிளமென்ற் வரவில்லை.

கார்த்திகை 14, வியாழன்

புறூனர் அம்மா தொலைபேசியில் அழைத்தார். மரியாதையாகத்தான் கதைத்தார்.

பன்னிரண்டு கடிதங்களிலும் லேயா பைகளை மூன்றாம் மாடிக்குத் தூக்கியிருக்கிறாள்.

நிலத்தோடு வீடு உள்ள பரமேஸ்வரிக்கும் மூன்றாம் மாடி. லிஃப்ட் உள்ள டெஸ்மன்டுக்கும் மூன்றாம் மாடி. ஊரில் மகஜர் எழுதினால் ஒருவர் எழுத மற்றவர்கள் பார்த்து எழுதுவோம். வார்த்தை மாறாமல் எழுதுவதுதான் ஒற்றுமை. இங்கே அது பொய். இப்படிக் கொடுத்தால் உண்மையான கடிதத்தையும் நம்பமாட்டார்கள் என்றார்.

அவர்களில் பிழை என்ன? நான்தானே பலகையில எழுதினது. உதாரணம் உதாரணம் எண்டு— இந்தப் பிள்ளையின்ர வாழ்க்கையில போயா உதாரணம் காட்டுறது? நல்ல வகுப்பாம். சத்தமில்லையாம். சத்தமில்லாமல் இருந்தபோதே விளங்கியிருக்க வேண்டாமோ எனக்கு.

கார்த்திகை 17, ஞாயிறு

வீடு வீடாகப் போகிறேன். இம்முறை எழுதிக் கொடுப்பதில்லை. பேனாவும் இல்லை. தமிழில் சொல்லுங்கள், லேயாவைப்பற்றி உங்களுக்கு மட்டும் தெரிந்தது என்ன என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன். எனக்கு அது கஷ்டமான வேலை. அவர்கள் சொன்னதை வீட்டுக்கு வந்து ஜேர்மனில் எழுதுகிறேன்.

பார்த்து எழுதுவது சுலபமாக இருந்தது எல்லோருக்கும். சொந்தமாய்ச் சொல்லச் சொன்னபோது நாலு பேர் பின்வாங்கிவிட்டார்கள். அவர்களில் மூன்று பேர் டெஸ்மன்டின் தாளில் முந்திக்கொண்டு கையெழுத்து வைத்தவர்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் என்றால் ஒப்பம் வைக்கலாம்; ஒரு பிள்ளைக்கு என்றால் யோசிக்க வேண்டியிருக்கிறது போலும்.

பரமேஸ்வரி இரண்டு மணித்தியாலம் சொன்னார். அவருடைய தாய் மறதியோடு கிடந்தபோது, லேயா வந்து அந்த மனுசிக்கு ஒவ்வொரு நாளும் புதிதாகத் தன் பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்துவாளாம். ஒருநாளும் அலுத்துக்கொண்டதில்லையாம். பரமேஸ்வரி இதை முந்தியே எழுதியிருக்கலாமே என்றேன். "நீங்கள் மூண்டாம் மாடியெல்லோ எழுதினீங்கள், ரீச்சர்," என்றார்.

ஐந்தாமவர் டெஸ்மன்ட். கதவைத் திறந்து, பின்னறைப் பக்கம் பார்த்து, என்னை வாசலுக்கே கூட்டிவந்து கதைத்தார். விசா இல்லாதவரை வீட்டில் வைத்திருந்தால் குற்றம். வழக்கு வந்தால் பஸ் வேலை போகும். இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். "அண்டைக்கு எழுதின கடிதத்தையும் கிழிச்சுப்போடுங்கோ, ரீச்சர். என்ர பேர் வேண்டாம்," என்றார். கண்ணைப் பார்க்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. படி இறங்கும்போது போய்விட்டது. மண்டபத்தில் அவர் கத்தியது கொள்கை. ஆனால் இத்தனை வருடம் அறை கொடுத்தவரும் அவர்தானே. கடிதம் எழுதுகிற நான் ஓர் இரவுகூட இடம் கொடுத்ததில்லை.

கார்த்திகை 18

துணி துவைக்கிற அறையில் கீழ்வீட்டுச் சுவிஸ் மனுசி, யாருடைய கதை என்று தெரியாமலே, பத்திரிகையில் பார்த்ததைச் சொன்னார்: பிள்ளைகள் பாவம், அவர்களுக்குக் கொடுக்கலாம், பெற்றோரை அனுப்ப வேண்டும். மிகவும் அன்பாகச் சொன்னார். பிள்ளையை யார் சமைத்துக் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்புவது என்று கேட்க நினைத்தேன். என் துவைக்கும் முறை முடிந்துவிட்டது.

கார்த்திகை 20, புதன்

கிளமென்ற் தானாக வந்து என் முன்னால் இருந்தார். "எத்தினை கடிதம் கிடக்குது?" என்றார். என்னுடையதோடு எட்டு என்றேன்.

"எழுதும்," என்றார்.

அவர் தமிழில் சொல்லச் சொல்ல நான் ஜேர்மனில் எழுதினேன். முதல் வரியிலேயே பேனா நின்றுவிட்டது. "இந்த நாட்டில் பிறந்தார்கள் என்பதற்காக மட்டும் எல்லோருக்கும் குடியுரிமை கொடுப்பதை நான் ஆதரிக்கவில்லை." இது வேண்டாமே என்றேன். இது இல்லாவிட்டால் மிச்சமும் வேண்டாம் என்றார்.

மிச்சம் இதுதான். பாடகர் குழுவை அவர் நடத்துகிறார். கிறிஸ்மஸ் பாட்டில் அவர் சுருதி விலகியபோது பெரியவர்கள் எல்லோரும் பேசாமல் கூடவே விலகிப் பாடினார்கள். பதினொரு வயது லேயா மட்டும் கையைத் தூக்கி, "அங்கிள், நீங்கள் பிழையாய்ப் பாடுறீங்கள்," என்றாள். அவருக்கு ஒரு மாதம் கோபம். "தமிழ்ப் பிள்ளைகள் பெரியவருக்கு முன்னால் அப்படிச் சொல்லாது. இந்த ஊர்ப் பிள்ளைதான் சொல்லும். அவளை வேறு எந்த நாட்டுக்கு அனுப்பினாலும் அங்கே அவள் வெளிநாட்டுக்காரி. இது என் கருத்து அல்ல, நான் கண்டது."

கையெழுத்துப் போட்டார். பிறகு, "டினேஸுக்கு என்னட்ட இப்பவும் பதில் இல்லை," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மார்கழி 5, வியாழன்

ஒன்பது கடிதங்களோடு விண்ணப்பம் போய்விட்டது. கிளமென்றின் முதல் வரியை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். புறூனர் அம்மா தலையாட்டி மறுத்தார்; அந்த வரியால்தான் மிச்சத்தை நம்புவார்கள் என்றார்.

2025 பங்குனி 11, செவ்வாய்

பதிலில்லை. லேயா தமிழ் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டாள். கிறிஸ்ரினா ஒரு பெட்டியைக் கட்டிக் கட்டிலடியில் வைத்திருக்கிறாளாம். என்ன வைத்தாய் என்றேன். லேயாவின் பள்ளி அறிக்கைகளும், குளிர்காலச் சட்டை இரண்டும் என்றாள். ஊர் வெயிலில் குளிர்காலச் சட்டை எதற்கு? கேட்கவில்லை.

சித்திரை 27

டெஸ்மன்டின் தாள்கள் நகரசபைக்குப் போயினவாம். நன்றி, கவனத்தில் எடுக்கிறோம் என்று பதில்.

ஆனி 26, வியாழன்

கொடுத்துவிட்டார்கள். இருவருக்கும்.

கிறிஸ்ரினா சமையலறைத் தரையில் இருந்து அழுதாள். லேயா முதியோர் இல்லத்துக்குத் தொலைபேசி எடுத்து, ஆவணியில் வருகிறேன் என்று சொன்னாள்.

புறூனர் அம்மா ஒன்றைத் தெளிவாகச் சொன்னார். குடியுரிமைக்கு வேண்டிய வருடங்கள் இந்த அனுமதியிலிருந்துதான் எண்ணப்படும். முந்திய வருடங்கள், பிறந்தது, நடந்தது, பள்ளிக்குப் போனது, ஒன்றும் சேராது. நான் இதை வீட்டில் சொன்னபோது கிளமென்ற் செய்தித்தாளை மடித்து வைத்தார். "அது சரியில்லை," என்றார். அவ்வளவுதான்.

புரட்டாதி 13, சனி

ஊஸ்டருக்குப் புதிதாகக் குடிவந்தவர்களை நகரம் வருடாவருடம் அழைத்து, ஊரைச் சுற்றிக் காட்டி, ஒரு பானம் கொடுக்கும். பதிவில் புதுப் பெயர் வந்தால் அழைப்பும் வரும். கிறிஸ்ரினாவுக்கும் லேயாவுக்கும் வந்தது. லேயா போகமாட்டேன் என்றாள். நான் பிறந்த ஊரை எனக்கே காட்டுவார்களோ என்றாள். கிறிஸ்ரினா சேலை உடுத்து நின்றாள். அதனால் போனோம், நான் துணைக்கு.

கோட்டை, ஏரிக்கரை, பழைய ஆலைகள். வழிகாட்டி நல்ல பிள்ளை. கடைசியில் வட்டமாக நிறுத்தி, ஒவ்வொருவரும் எவ்வளவு காலமாக இங்கே என்று சொல்லச் சொன்னார். ஒருவர் மூன்று மாதம் என்றார். ஒரு தம்பதி ஐந்து கிழமை.

கிறிஸ்ரினாவின் முறை வந்தது. இத்தனை காலம் இந்தக் கேள்விக்கு அவள் பொய்தான் சொல்லியிருக்கிறாள்: விருந்தாளி, போன கிழமை வந்தேன், அக்கா வீடு. இன்று தன் ஜேர்மனில் மெதுவாகச் சொன்னாள்: "பதினெட்டு வருடம்."

சிலர் அன்பாகச் சிரித்தார்கள். மொழி தெரியாமல் பிழையாகச் சொல்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். வழிகாட்டி குனிந்து, மாதமா என்று கேட்டார்.

தாயின் ஜேர்மனை எங்கே கேட்டாலும் அந்த இடத்திலேயே திருத்துகிறவள் லேயா. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் தாயின் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு பேசாமல் நின்றாள்.

"வருடம்," என்றாள் கிறிஸ்ரினா, இன்னும் கொஞ்சம் சத்தமாக.