எழுத்து தெரியும் நட்சத்திரங்கள்

என்னங்க,

இன்னும் ஒரு வருஷம் அங்கேயே வேலை பார்க்கக் கையெழுத்துப் போடவா என்று கேட்டிருந்தீர்கள். கிறிஸ்துமஸ் அலங்காரத்தைப் படமெடுத்து அனுப்பவும் சொல்லியிருந்தீர்கள்.

இந்த வருஷம் கடையில் எதுவும் வாங்கவில்லை. பழைய காலண்டர் தாள்களை வெட்டிச் சங்கிலியாகக் கோத்தேன். பாதியில் கை ஓய்ந்துவிட்டது. மீதியை அத்தை முடித்தார்.

நட்சத்திரங்கள் மகளின் வேலை. என் தலைமாட்டில் சேர்ந்து கிடந்த காலி மாத்திரை அட்டைகளை வெட்டி, மருந்தின் பெயர் வெளியே தெரியும்படி ஒட்டிவிட்டாள். திருப்பி ஒட்டச் சொன்னேன்.

“இந்தப் பக்கம்தாம்மா பளபளக்குது.”

அத்தை நிமிர்ந்து பார்த்தார். “வானத்துலகூட இவ்வளவு இல்லடி. அவன்கிட்ட சொல்லிட்டியா?”

“சொன்னா வேலையை விட்டுட்டு ஓடி வந்துடுவாரு அத்தை.”

“வரட்டுமே. வேற எதுக்குப் புருஷன்?”

முதல் படத்தை எழுத்து தெரியாதபடி வாசலில் நின்று எடுத்தேன். அனுப்ப மனம் வரவில்லை. இத்துடன் இருப்பது கிட்டத்தில் எடுத்தது. பார்த்துவிட்டுக் கையெழுத்தைப் பற்றி முடிவு செய்யுங்கள். நான் வரச் சொல்லவில்லை. வந்து நின்றால், ஏன் வந்தீர்கள் என்று கேட்கவும் எனக்குத் தெம்பில்லை.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி