கிருத்திகை நாள் மாத்திரை

திருத்தணி,
ஆனி 22.

அன்புள்ள பாவாவுக்கு,

பரந்தாமன் வணக்கத்தோடு எழுதுகிறேன். போனில் பேசினால் நீங்கள் கிண்டல் செய்வீர்கள், நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிடுவேன், சொல்ல வந்தது அப்படியே நின்றுபோகும். அதனால்தான் மஸ்கட் திரும்புகிற பாலமுருகனிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். சுஜாதா அக்கா கொடுத்த வடகமும் அவன் பையில்தான் இருக்கிறது. அக்கா நலம். உங்கள் வீட்டு மாடித் தொட்டி ஒழுகியதையும் ஆள் வைத்து அடைத்துவிட்டேன்.

ஒரு பொய்யை முதலில் ஒப்புக்கொள்கிறேன். வைகாசியில் எனக்கு நடந்தது குடலிறக்க ஆபரேஷன் இல்லை. அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு நீங்கள் பயப்படக் கூடாது என்று அக்காவும் நானும் பேசிவைத்துச் சொன்னது அது. எனக்கு வயிற்றில் அல்சர் முற்றி ஓட்டையே விழுந்துவிட்டது.

நீங்கள் அக்காவைக் கட்டிய வருடம், ஆடிக் கிருத்திகைக்கு என்னை முதன்முதலாக விரதமிருக்கவைத்து மலைக்குக் கூட்டிப்போனீர்களே, நினைவிருக்கிறதா? எனக்குப் பதினேழு வயது. பாதிப் படியில் கண் இருட்டி நான் உட்கார, சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கிவிட்டீர்கள். சாயங்காலம் இறங்கி வந்ததும் சரவணப் பொய்கைப் பக்கம் ஒரு கடையில் பூரி தின்றோம். உங்கள் இலையிலிருந்த கிழங்கையும் என் பக்கம் தள்ளினீர்கள். அந்த ருசி இன்றும் நாக்கில் இருக்கிறது. முழங்கால் என்று ஒன்று இருப்பதே அப்போது நமக்குத் தெரியாது.

பிறகு தெரிந்தது. எனக்குப் புடவைக் கடையில் நின்று நின்று, உங்களுக்கு லாரி கிளட்ச்சை மிதித்து மிதித்து. மெடிக்கல் ஷாப்பில் பொட்டலம் கட்டித் தருவார்கள், வலிக்கு ஒன்று, கேஸுக்கு ஒன்று. மருந்து சாப்பாட்டில் சேராது, விரதத்துக்குப் பங்கமில்லை என்று வலி மாத்திரையை மட்டும் போட்டுக்கொள்வோம். 'சோறே உள்ள போவல, கேஸ் எங்கேந்து வரும்' என்று கேஸ் மாத்திரையை நீங்கள் தூக்கிப் போட்டது இன்னும் கண்ணில் நிற்கிறது. அதை நான் கோர்ட்டுத் தீர்ப்பு மாதிரி கடையில் எல்லோருக்கும் சொல்லிவந்தேன்.

வைகாசிக் கிருத்திகையன்றும் அப்படித்தான். ஏற ஒன்று, இறங்க ஒன்று என்று வெறும் வயிற்றில் இரண்டு போட்டேன். இறங்கும்போது மேல்வயிற்றில் கத்தியால் குத்தியது போல ஒரு வலி. கேஸ்தான் என்று சோடா வாங்கிக் குடித்தேன். விரதம் போச்சே என்றுதான் அப்போது கவலைப்பட்டேன், பார்த்துக்கொள்ளுங்கள்! வீட்டுக்கு வந்து நாலு மணி நேரம் சுருண்டு கிடந்தேன். தோள்பட்டை வரை வலித்தது. வயிறு பலகையாகிவிட்டது. என் வீட்டுக்காரி தமயந்திதான் தொட்டுப் பார்த்து அலறி, என் பேச்சைக் கேட்காமல் ஆட்டோவைக் கூப்பிட்டாள். அவள் இல்லையென்றால் இந்தக் கடிதம் இல்லை.

நிற்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். ஓட்டை வழியாகக் கசிந்த காற்று அதில் தெரிந்ததாம். அன்றைக்கே வயிற்றைத் திறந்து கழுவி, உள்ளே இருக்கிற கொழுப்பையே இழுத்து ஓட்டை மேல் வைத்துத் தைத்தார்கள். பஞ்சர் ஒட்டியாச்சு என்றார் டாக்டர். ஐந்து நாள் மூக்கில் குழாய், வாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அதன்பின் வயிற்றில் இருந்த கிருமிக்கு இரண்டு வாரம் மாத்திரை. அந்தக் காலத்தில் பீடி பிடிக்கிற இளவட்டங்கள்தான் இந்த ஓட்டையோடு வருவார்களாம். இப்போது ஐம்பதை ஒட்டியவர்கள் வலி மாத்திரையைத் தின்றுவிட்டு வருகிறார்களாம். இன்னும் தாமதித்திருந்தால் பிழைப்பது கஷ்டம் என்றார். நீங்களும் நானும் பகிர்ந்து பிடித்த பீடிக்கட்டுகள் எல்லாம் நினைவுக்கு வந்தன.

உங்கள் மேல் பழி போடவில்லை பாவா. நேற்று அக்கா சொன்னதுதான் என்னை எழுதவைத்தது. 'விடிகாலையில வயித்தைப் புடிச்சிகினு ஒக்காந்துகிறாராம், ரெண்டு பிஸ்கட் துன்னா அடங்கிடுதாம்' என்று சாதாரணமாகச் சொன்னாள். ஓட்டை விழுவதற்கு முன்னால் எனக்கும் ஆறு மாதம் இதே போலத்தான் இருந்தது. இது அதே அல்சராக இருக்கலாம் என்று அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.

அந்த வலி மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள், பீடியையும் விடுங்கள். இந்த வாரமே டாக்டரைப் பார்த்து, வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மலம் கருப்பாகப் போனாலோ, திடீரென்று வலி குத்தினாலோ சோடா கடையைத் தேடாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆடிக் கிருத்திகைக்குத் தமயந்தியோடு வண்டியில் மலைக்குப் போகிறேன். உங்களுக்கும் சேர்த்து நான் கும்பிட்டுக்கொள்கிறேன். அன்றைக்கு நீங்கள் விரதம் இருக்கக் கூடாது. காலையிலேயே வயிறாரச் சாப்பிட்டு, காலித் தட்டைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். அது வருகிற வரை நான் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டேன். இனி நான் ஒரு வேளைகூடப் பட்டினி கிடக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார், அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

தணிகை முருகன் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும்.

இப்படிக்கு,
போட்டோவுக்காகக் காத்திருக்கும் உங்கள் மைத்துனன்,
பரந்தாமன்